எட்டா, ஒன்பதா?

அத்தியாயம் 17

அஞ்சுகத்துக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பது நமக்குப் புதிதல்ல. இரண்டு மாதத்துக்கு முன்னால் அது மாப்பிள்ளையின் ஊரான கிளிஞ்சல்மேடு வரைக்கும் நீண்டுவிட்டது.

நிச்சயதார்த்தப் பந்தலில் தட்டு மாற்றி முடித்த கையோடு, மாப்பிள்ளை அருள்மணியின் அம்மா தமிழரசி மெதுவாகத்தான் சொன்னாள்.

"பையனுக்கு ஷூவெல்லாம் வேணாங்க. வேட்டி சட்டை, சாதா செருப்பு. அது போதும்."

பெண்ணைப் பெற்றவளுக்குச் சுருக்கென்றது. இவர்களால் முடியாது என்று நினைத்துவிட்டார்களா? காரைக்கால்மேட்டில் சொந்தப் படகு வைத்திருக்கும் தன் கணவர் ஐயனாரின் வீட்டைப் பற்றியா இந்தப் பேச்சு? அஞ்சுகம் எழுந்து நின்று, பந்தலின் கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி அறிவித்தாள்.

"எங்க வீட்டு மாப்ள கோட்டு சூட்டு, ஷூவோடதான் மண்டபத்துக்குள்ள வருவாரு. அளவெடுத்து செஞ்ச மாதிரி இருக்கும். பாத்துக்கிட்டே இருங்க!"

தமிழரசியின் முகம் வாடிப்போனதை அன்று யாரும் கவனிக்கவில்லை. கவனித்தவள் ஒருத்தி இருந்தாள். மணப்பெண் பாரதிப்ரியா. ஆனால் அவள் வாயைத் திறக்கவில்லை.

இன்று சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு. நாளைக் காலை முகூர்த்தம். மதியம் ஆகியும் ஷூ வந்து சேரவில்லை.

அஞ்சுகம் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருந்தாள். பாரதிப்ரியா மருதாணிக் கையைக் காற்றில் ஆட்டியபடி அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் டவுனில் ஒரு லேபில் ரத்தம் எடுக்கும் வேலை பார்ப்பவள். யார் எவ்வளவு பதறினாலும் அவள் கை நடுங்காது.

"கடையில வாங்கியிருந்தா இந்தத் தொல்லையே இல்லம்மா."

"கடையிலயா? டவுன்ல ஷூ வாங்குனா, பெட்டி நம்ம வீட்டுக்கு வர்றதுக்குள்ள சேதி கிளிஞ்சல்மேட்டுக்குப் போயிடும். இன்ன நம்பர் வாங்குனாங்க, பத்தலையாம், பெருசாம்னு பேசுவாங்க. எனக்கு அது வேணாம்."

அதுவும் நியாயம்தான். அந்தக் கரையோரத்தில் ஒரு வழக்கம் உண்டு. மாப்பிள்ளை அழைப்புக்குத் தலை முதல் கால் வரை பெண் வீட்டு உடுப்பு. அளவை மட்டும் மாப்பிள்ளையிடம் கேட்கக்கூடாது. கேட்டால், கவனிக்கத் தெரியாத வீடு என்று பேராகிவிடும். கோட்டுக்கும் சட்டைக்கும் பிரச்சினை இல்லை. அருள்மணிக்கு வழக்கமாகத் தைக்கும் காஜா நஜ்முதீனிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் காலுக்கு ஏது டெய்லர்?

அந்த நேரத்தில்தான் டிவி ஷாப்பிங் சேனலில் அந்தப் பழுப்பு நிற ஷூ வந்தது. வந்தது என்றால், காலை, மதியம், மாலை மூன்று வேளையும் வந்தது. ஒரு பெண் அதைத் தண்ணீரில் முக்கி எடுத்தாள், இரண்டாக மடக்கினாள், மேலே லாரியை ஏற்றாததுதான் பாக்கி. "உங்க காலோட நீளத்தை அளந்து சொல்லுங்க, சரியான சைஸ் உங்க வீடு தேடி வரும்!" என்று அவள் சிரித்தபோது, ஐயனார் வீட்டில் இரண்டு பேருக்கு ஒரே சமயத்தில் ஒரே யோசனை வந்தது. ஒருத்தருக்கு வந்தது மற்றவருக்குத் தெரியாது. அதுதான் கோளாறு.

ஐயனார் என்ன செய்தார் என்றால், போன மாதம் அருள்மணி கரைக்கு வந்து, மாமனாரின் படகை மேலே ஏற்ற ஒரு கை கொடுத்தான் அல்லவா, அவன் போன பிறகு ஈர மணலில் கிடந்த காலடியைத் தேடிப் போனார். வலது காலடியை அலை வந்து வழித்துக்கொண்டு போய்விட்டது. இடது மட்டும் அச்சு மாதிரி இருந்தது. குதிகாலில் இருந்து பெருவிரல் வரை வலை நூலைப் பிடித்து வெட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

பக்கத்துப் படகுக்காரர் தங்கையன், "என்ன மாமா, நண்டு புடிக்கிறீங்களா?" என்று கேட்டார்.

"ஆமாடா, ரெண்டு கால் நண்டு" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

அஞ்சுகத்தின் வழி வேறு. மாப்பிள்ளை இவர்கள் வீட்டுக்கு வந்தபோது குழாயடியில் கால் கழுவிவிட்டுப் படியேறினான். இடது கால் சாக்கு மிதியடியில் பட்டது. வலது கால் சிமெண்டுத் தரையில் ஈரமாகப் பதிந்தது. வெயிலில் அது காய்ந்து மறைவதற்குள் அஞ்சுகம் குனிந்து சாண் போட்டுவிட்டாள். வஞ்சிரம் மீனையும் கொடுவா மீனையும் சாண் போட்டே விலை பேசுகிற கை அது. தராசு தப்பினாலும் தப்பும், அந்தக் கை தப்பாது என்பது அவள் கட்சி.

ஆளுக்கொரு பக்கமாகப் போன் போட்டார்கள். இரண்டு பேருமே மகளுடைய செல் நம்பரைத்தான் கொடுத்தார்கள். காரணம் எளிது. ஐயனாரின் போன் படகில் இருக்கும், அஞ்சுகத்தின் போன் மீன் கூடையில் இருக்கும். அடித்தால் எடுக்கிற ஒரே போன் பாரதிப்ரியாவுடையது.

"அம்மா, வந்துட்டாங்க!"

கொரியர் வண்டி வாசலில் நின்றது. அஞ்சுகம் ஓடினாள். உள்ளேயிருந்து துண்டை உதறிக்கொண்டு ஐயனாரும் ஓடிவந்தார்.

"நீங்க எதுக்கு ஓடியாறீங்க?"

"நீ எதுக்கு ஓடியார?"

கொரியர்காரர் இரண்டு பெட்டிகளை இறக்கி வைத்தார். ஒரே நிறம், ஒரே படம், ஒரே விலாசம். ஒன்றின் ஓரத்தில் எட்டு, இன்னொன்றில் ஒன்பது.

இருவரும் குனிந்து நம்பரைப் பார்த்தார்கள். பிறகு இருவரும் சேர்ந்து பேசினார்கள்.

"எட்டா? மாப்ள என்ன பள்ளிக்கூடத்துப் புள்ளையா?"

"ஒம்போதுங்கிறீங்க! படகுத் துடுப்பா அவரு காலு?"

"நான் நூல் போட்டு அளந்தேன்டி!" ஐயனார் சட்டைப்பையிலிருந்து வலை நூலை உருவினார். அஞ்சுகம் தன் சாணை விரித்தாள். நூலை அதன் மேல் வைத்துப் பார்த்தார்கள். அரை விரல்கடை நீண்டது.

"மணல்ல கால் வச்சா அகலும், நீளும். இதுகூடவா தெரியல? பொறந்ததுலேருந்து மணல்லதான கெடக்குறீங்க?"

"ஈரத் தரையில வச்ச காலு காயக் காயச் சுருங்கும். நீ அளக்குறதுக்குள்ள பாதி காஞ்சிருக்கும்!"

"என் கை பொய் சொல்லாது. பெத்த புள்ளைங்க காலளவை இப்பவும் கண்ணை மூடிக்கிட்டு சொல்லுவேன். பாரதிக்கு அஞ்சு. சசி..."

அஞ்சுகம் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

சசிதரன் மூத்த மகன். குரும்பகரத்து பிரதீபாவை வீட்டில் சொல்லாமல் கட்டிக்கொண்டு திருப்பூர் போனவன். போய் மூன்று வருஷம். குழந்தை பிறந்த சேதி மட்டும் யார் மூலமாகவோ வந்தது. கல்யாணத்துக்கு அவனை அழைக்கலாமா என்று அஞ்சுகம் ஒருமுறை ஆரம்பித்தாள். "அவன் மண்டபத்துல கால் வச்சா, நான் எறங்கி வெளிய போயிடுவேன்" என்று ஐயனார் அந்தப் பேச்சை முடித்துவிட்டார்.

அவன் காலுக்குப் பத்தாம் நம்பர். இடது செருப்பின் குதி எப்போதும் வெளிப்பக்கமாகத் தேயும். "கோணக்கால்" என்று அவள் திட்டாத நாளில்லை. அது இப்போது எதற்கு நினைவுக்கு வரவேண்டும்? அஞ்சுகம் விரித்த சாணை மடக்கிக்கொண்டாள்.

ஐயனார் நூலைச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கடல் பக்கம் பார்த்தார்.

பாரதிப்ரியாதான் பேச்சை மாற்றினாள். "கம்பெனியிலேருந்து போன் வந்துச்சுப்பா. ஒரே வீட்டுக்கு ரெண்டு ஆர்டர் வந்துருக்கு, ஒன்னை கேன்சல் பண்ணிடவான்னு கேட்டாங்க. ரெண்டும் வேணும்னு சொல்லிட்டேன்."

"ஏன்டி அப்புடிச் சொன்ன?" இதில் மட்டும் அம்மாவும் அப்பாவும் ஒரே குரல்.

"ரெண்டு பேரும் அளந்துருக்கீங்க. யாரு அளவு தப்புன்னு நான் எப்புடிச் சொல்றது?" அவள் சிரிப்பை மருதாணிக் கைக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். "ரெண்டு பெட்டியையும் எடுத்துட்டுப் போங்க. ஒன்னையும் வீட்டுல வச்சிட்டுப் போயிடாதீங்க, சொல்லிட்டேன்."

பிள்ளையார் கோயிலுக்குப் பக்கத்து வீட்டில் மாப்பிள்ளை வீட்டார் இறங்கியிருந்தார்கள். அங்கிருந்துதான் ஊர்வலம். பேண்டு வாத்தியக்காரர்கள் தெருவில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். பூ ஜோடித்த ஜீப் தயாராக நின்றது.

அருள்மணி கோட்டுப் போட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். லாஞ்சு ஓட்டுகிறவன். கடலில் எந்தக் காற்றுக்கும் அசராத ஆள், மாமியார் கையில் இரண்டு ஷூப் பெட்டிகளைப் பார்த்ததும் வேர்த்துப்போனான்.

"செருப்பே போதும் அத்தை."

"ஐயோ, அப்புடிச் சொல்லாதீங்க மாப்ள. ஊரே பாக்க வரப்போகுது."

"சம்பந்தி, நான்தான் அன்னைக்கே சொன்னேனே..." தமிழரசி குறுக்கே வந்தாள். அவள் குரலில் கெஞ்சல் இருந்தது. அஞ்சுகத்துக்கு அது பிகுவாகத்தான் தெரிந்தது.

ஷூ மாட்டிவிடுவது பெண்ணின் அண்ணன் வேலை. யார் குனிவது என்று அறையில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் சசிதரன் பேரைச் சொல்லவில்லை. சொல்லாததே சொன்ன மாதிரி இருந்தது.

ஐயனார் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"மாமா! நீங்க போயி என் காலை..." அருள்மணி கால்களை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டான்.

"பரவால்ல மாப்ள. குடுங்க."

ஒன்பதாம் நம்பர்ப் பெட்டி முதலில் திறந்தது. இடது கால் வெண்ணெய் மாதிரி உள்ளே போனது. ஐயனார் தலையை நிமிர்த்தி மனைவியைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை எழுத ஒரு தனி அத்தியாயம் வேண்டும்.

வலது கால் போனது. அருள்மணி எழுந்து ஓர் எட்டு வைத்தான். வலது ஷூ தரையிலேயே நின்றுவிட்டது, கால் மட்டும் வெளியே வந்தது.

"பாத்தீங்களா! நான் என்ன சொன்னேன்?" அஞ்சுகம் எட்டாம் நம்பர்ப் பெட்டியைப் பிரித்தாள். "வலது காலை குடுங்க மாப்ள."

கச்சிதம். தைத்துப் போட்ட மாதிரி இருந்தது. இப்போது அஞ்சுகம் கணவரைப் பார்த்தாள்.

"இடது?"

இடது கால் பாதிக்கு மேல் போகவில்லை. ஐயனார் அழுத்தினார். அருள்மணி பல்லைக் கடித்தான். ஷூ அசையவில்லை.

தெருவில் பேண்டு வாத்தியக்காரர் ஒருவர் டிரம்மைத் தட்டிப் பார்த்தார். அருள்மணி இரண்டு ஷூவையும் கழற்றிப் போட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். கோட்டுப் போட்ட அந்தப் பெரிய உடம்பு சின்னதாகிவிட்ட மாதிரி இருந்தது.

தமிழரசி சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

"அதான் வேணாம்னு சொன்னேன் சம்பந்தி. சுனாமியப்ப இவனுக்கு ஆறு வயசு. தூக்கிக்கிட்டு ஓடுனேன். படகுப் பலகை ஒன்னு வந்து இவன் வலது காலுல அடிச்சிது. உசுரு தங்குச்சு. ஆனா அந்தக் காலு மத்ததோட சேந்து வளர மாட்டேன்னுடுச்சு. நடையில ஒன்னும் தெரியாது, ஷூ போட்டாதான் தெரியும். பள்ளிக்கூடத்துக்கு எப்பவும் ரெண்டு ஜோடி வாங்குவேன். ஒன்னுல இடது, ஒன்னுல வலது. மிச்சமெல்லாம் ஒரு மூட்டையா பரண்ல கெடக்குது. தூக்கிப்போட மனசு வரல."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "சொன்னா, குறையுள்ள பையன்னு பொண்ணு தர மாட்டீங்களோன்னு பயந்துட்டேன்."

அஞ்சுகத்துக்கு வெட்கமாக இருந்தது. அத்தனை சனத்துக்கு நடுவில் தான் எழுந்து நின்று வீசிய சவால், இந்த அம்மாளை எங்கே போய் அடித்திருக்கும்! இவளுடைய பயத்தைப் போய்ப் பிகு என்று நினைத்தோமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

அடுத்த நொடி அவள் கண் தரையில் கிடந்த நாலு ஷூக்களில் நின்றது.

"ஏங்க... நீங்க மணல்ல அளந்தது எந்தக் காலு?"

"இடது. வலதை அலை அடிச்சிட்டுப் போயிடுச்சே."

"நான் அளந்தது வலது!"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஐயனார் ஒன்பதாம் நம்பர் இடது ஷூவை எடுத்தார். அஞ்சுகம் எட்டாம் நம்பர் வலது ஷூவை எடுத்தாள். ஆளுக்கொரு காலாக மாட்டிவிட்டார்கள்.

அருள்மணி எழுந்தான். நடந்தான். திரும்பி நடந்தான். பிறகு, ஷூ போட்ட ஒரு மனுஷன் எப்படிக் குதிப்பானோ அப்படி ஒரு குதி குதித்தான்.

"கல்யாணமான நாள்லேருந்து நாம ரெண்டு பேரும் ஒரே நேரத்துல சரியா இருந்தது இதுதான் மொத தடவ" என்றார் ஐயனார்.

சிரிப்பில் அறை அதிர்ந்தது. தமிழரசி அழுதுகொண்டே சிரித்தாள். அஞ்சுகம் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"குறையா? ஒரு ஷூ போட ரெண்டு பெட்டி வாங்க வைக்கிற மாப்ள இந்தக் கரையிலயே கெடையாது சம்பந்தி. அன்னைக்கு நான் பேசுனதை மனசுல வச்சுக்காதீங்க."

"பாரதிக்குத் தெரியும் அத்தை" என்றான் அருள்மணி. "போன்ல பேசுன மொத நாளே சொல்லிட்டேன். யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு சத்தியமும் வாங்கிக்கிட்டேன்."

அஞ்சுகம் வாயைப் பிளந்தாள். ரெண்டும் வேணும்னு சொல்லிட்டேன் என்று மருதாணிக் கைக்குப் பின்னால் சிரித்த முகம் நினைவுக்கு வந்தது. சத்தியத்தையும் மீறவில்லை, மாப்பிள்ளையையும் வெறுங்காலோடு விடவில்லை. தன் வயிற்றில் பிறந்த பெண்ணுக்கு இவ்வளவு அடக்கமான வாயா என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. நிச்சயமாக அது அவள் பக்கத்துச் சொத்து இல்லை.

மிச்சமிருந்த எட்டின் இடதையும் ஒன்பதின் வலதையும் தமிழரசி பழக்கத்தில் எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள். பரண் மூட்டைக்கு இன்னொரு ஜோடி.

ஊர்வலம் காரைக்கால் தெருக்களைச் சுற்றி மண்டபத்துக்கு வருவதற்குள் ஊரே அந்த ஷூவைப் பார்த்துவிட்டது. அருள்மணி ஜீப்பில் கால்மேல் கால் போட்டே உட்கார்ந்து வந்தான். ஒருமுறை இடது கால் மேலே, ஒருமுறை வலது. வழியில் இருந்த வீட்டு அமீர் நிஷா அக்கா மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "மாப்பிள்ளைக்கு ஷூ அள்ளுது, அஞ்சுகம்!" என்று கத்தினார். அஞ்சுகத்துக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஜீப் தெருமுனையில் திரும்பும்போதே அவள் ஆரத்தித் தட்டோடு மண்டப வாசலுக்கு முன்னால் ஓடிவந்துவிட்டாள். படிக்கட்டின் இரண்டு பக்கமும் செருப்புக் குவியல். கொஞ்ச நாளாக யாரைக் கண்டாலும் காலைப் பார்த்தே பழகிய கண். சும்மா இருக்குமா? எட்டு, ஏழு, ஆறு என்று போகிற போக்கில் எண்ணிக்கொண்டு வந்தது.

ஓரத்தில் ஒரு கறுப்புத் தோல் செருப்பு. பத்து. இடது குதி வெளிப்பக்கமாகத் தேய்ந்திருந்தது.

அஞ்சுகம் நின்றுவிட்டாள்.

சாண் போடத் தேவையில்லை. நூலும் வேண்டாம். அது யார் கால் என்று அவளுக்கு உடம்பே சொன்னது. பக்கத்தில் ஒரு பெண்ணின் செருப்பு, ஒழுங்காகச் சேர்த்து விடப்பட்டிருந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு ஜோடி சிவப்பு ஷூ. அவள் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அளவு. குழந்தை ஷூ. பெற்ற பிள்ளைகளின் காலளவைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறவளுக்கு அந்த ஒரு அளவு மட்டும் தெரியாது.

மண்டபத்துக்குள் பார்த்தாள். கூட்டம். யாருடைய முகமும் தெரியவில்லை. உள்ளே மணமகள் அறையின் கதவு பாதி திறந்திருந்தது. அழைப்பிதழ் அனுப்பியது எந்த மருதாணிக் கை என்று அவள் கேட்கவே வேண்டியதில்லை.

"ஏய், ஆரத்தியை வச்சுக்கிட்டு அங்க என்ன பண்ற? ஜீப் வந்தாச்சு!"

ஐயனார் வேகமாகப் படியருகே வந்தார். அவள் மறைக்கவில்லை. லேசாக விலகி நின்றாள்.

அவரும் பார்த்தார். முதலில் தேய்ந்த குதியை. முகம் இறுகியது. அவன் மண்டபத்துல கால் வச்சா என்று அவர் சொன்ன வார்த்தை இருவருக்கும் நடுவில் நின்றது. வெளியே போவதென்றால் ஓர் எட்டுத்தான். தெருவுக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தவர், திரும்பினால் போதும்.

ஐயனார் திரும்பவில்லை. மெல்லக் குனிந்தார். அந்தச் சிவப்பு ஷூவில் ஒன்றை இரண்டு விரலால் எடுத்தார். சட்டைப்பையிலிருந்து வலை நூலை உருவி அதன் மேல் நீட்டிப் பிடித்தார். நூலில் பாதிகூட நிரம்பவில்லை. மிச்ச நூல் காற்றில் ஆடியது.

பின்னால் பேண்டு வாத்தியம் வாசலை நெருங்கிவிட்டது. அந்தச் சத்தத்துக்குள் அவர் குரல் அவளுக்கு மட்டும் கேட்டது.

"அஞ்சுகம்... இதுக்கு எத்தனாம் நம்பரு வரும்?"